வேம்புலியின் வலது கால்

துண்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து, குறுக்கே இரண்டாக மடித்து, மறுபடியும் ஒரு மடிப்பு மடித்துச் செங்கல் அளவுக்குக் கொண்டுவருகிறார் வேம்புலி. கார்க் கதவைத் திறந்து இருக்கையின் விளிம்பில் அரைகுறையாக உட்கார்கிறார். துண்டை இடுப்புக்குப் பின்னால் செருகுகிறார். அப்படியும் முதுகுக்கும் சாய்வுக்கும் நடுவே ஒரு குழந்தை உட்காரும் அளவுக்கு இடம் மிச்சம். வலது காலை நீட்டுகிறார். பாதம் முழுதாகப் போய்ச் சேரவில்லை. விரல்கள் மட்டும் பிரேக்கைத் தொடுகின்றன. "எட்டிட்சி" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு சாவியைத் திருப்புகிறார்.

ஆறு வருஷமாகத் தினமும் இதே சொல். பட்டறைக் கேன்டீனில் அவருக்கு அதுதான் பெயர். "எட்டிட்சிக்கு ஒரு டீ" என்று யாராவது கத்தினால் அவரே திரும்பிப் பார்ப்பார்.

வேம்புலியின் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். அவருடைய முதலாளி பரந்தாமன் ஆறடி ஓர் அங்குலம். இந்தப் பதினோரு அங்குலம்தான் தொல்லைக்கெல்லாம் காரணம் என்று யாராவது சொன்னால் வேம்புலி ஒத்துக்கொள்ள மாட்டார். "அவரு ஒசரம் அவருக்கு, என் ஒசரம் எனக்கு. ஒசரத்துல இன்னா தப்பு கீது?" என்பார்.

பரந்தாமனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு வார்ப்புப் பட்டறை. ஆவடியில் இன்னொரு ஷெட். தொண்ணூற்றொன்றில் ஒரு தூதரக அதிகாரி ஊர் மாற்றலாகிப் போகும்போது விற்ற, கிளட்ச் இல்லாத ஜெர்மனி காரை வாங்கினார். காலையில் அண்ணா நகரிலிருந்து அவரே ஓட்டிக்கொண்டு வருவார். அவர் இறங்கியதும் வண்டி வேம்புலி கைக்கு வரும்; சாயங்காலம் மறுபடி அவர் கைக்குப் போகும். இடைப்பட்ட நேரத்தில் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் அலைவது வேம்புலியின் வேலை. அந்தக் காரை அவர் 'தொரை' என்றுதான் சொல்வார். "தொரைக்கு இன்னும் தூக்கம் கலையல" என்றால் இன்ஜின் சூடாகவில்லை என்று பொருள்.

தொரையிடம் வேம்புலி மிரண்டுபோன சமாசாரம் ஒன்று உண்டு. ஓட்டுபவரின் பக்கத்துக் கதவில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குட்டி இருக்கையே பதித்திருக்கிறார்கள். அதன் அடிப்பாகத்தை முன்னால் தள்ளினால் நிஜ இருக்கையும் முன்னால் நகரும். தூக்கினால் உயரும். முதுகுப் பகுதியைச் சாய்த்தால் சாய்வும் சாயும். அதற்குக் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று பட்டன்கள். ஓரத்தில் எழுத்துப் போட்ட பட்டன் ஒன்று. நமக்கு வாகாக இருக்கையை வைத்துக்கொண்டு, எழுத்துப் பட்டனைத் தட்டி, உடனே ஒரு நம்பரைத் தட்டினால் அந்த இடத்தை அது ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். பிறகு யார் எப்படி மாற்றினாலும், அந்த நம்பரை விடாமல் அமுக்கிப் பிடித்தால் போதும். இருக்கை முனகிக்கொண்டே பழைய இடத்துக்கு வந்து நின்றுவிடும்.

ஒன்றாம் நம்பர் பரந்தாமனுடையது. இரண்டும் மூன்றும் காலி. அந்த வீட்டில் வேறு யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது.

பரந்தாமன் முதுகில் ஆபரேஷன் ஆனவர். கார் வந்த புதிதில் டாக்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் முன்னும் பின்னும் நகர்த்தி, அவர் சரி என்று தலையாட்டிய பிறகுதான் ஒன்றாம் நம்பரை அமுக்கினார். அந்த வாரமே வேம்புலி அதைக் கெடுத்தார். தனக்கு எட்டும்படி இருக்கையை முன்னால் கொண்டுவந்தவர், திரும்ப அனுப்புவதாக நினைத்து எழுத்துப் பட்டனையும் ஒன்றையும் சேர்த்துத் தட்டிவிட்டார். தொரை விசுவாசமாக வேம்புலியின் இடத்தையே முதலாளியின் இடமாக எழுதிக்கொண்டது. சாயங்காலம் பரந்தாமன் உட்கார்ந்தபோது முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. டாக்டரை மறுபடி வரவழைக்க வேண்டியதாயிற்று. பரந்தாமன் கத்துகிற மனிதர் இல்லை. "இனிமே அந்த பட்டன் பக்கம் உன் கை போகவே கூடாது, வேம்புலி" என்றார், அவ்வளவுதான்.

போகவில்லை. அன்றிலிருந்து ஆறடி மனிதருக்கு அளவெடுத்த இருக்கையில்தான் ஐந்தடி இரண்டு அங்குலம் உட்கார்ந்து ஓட்டுகிறது. தினமும் வண்டியைக் கையில் வாங்கும்போது பரந்தாமன் ஒன்றை ஒரு தரம் அமுக்கிப் பார்ப்பார். இருக்கை ஏற்கெனவே அங்கேதான் இருக்கும், அசையாது. அது அசையாததில் அவருக்கு ஒரு திருப்தி.

மூன்றாவது வருஷம் வேம்புலிக்கு வலி ஆரம்பித்தது. வலது இடுப்பில் கிளம்பி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, முட்டியைச் சுற்றிக்கொண்டு குதிகாலில் வந்து நிற்கும். ஓடும்போது அவ்வளவு தெரியாது. நின்றால்தான் தெரியும். அதனால் அம்பத்தூர் ரயில்வே கேட் மூடியிருந்தால் அவருக்கு முகமே செத்துவிடும். நீட்டிய கால் நீட்டியபடியே இருக்க, மின்சார ரயில் ஒன்று போய், கூட்ஸ் ஒன்று போய், இன்னொரு மின்சார ரயிலும் போகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்.

வானகரத்தில் வீடு. மனைவி சாமுண்டீஸ்வரி தினமும் வாணலியில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கிறார். "நீ கார ஓட்டிகினு வர்றியா, இல்ல தலைல தூக்கிகினு வர்றியா?" என்பார். "ஒரு வார்த்த மொதலாளி கைல சொல்லேன்யா. வாயில இன்னா கொழுக்கட்டையா கீது?"

வேம்புலி சொல்ல மாட்டார். அவருக்கு முன்னால் இருந்த டிரைவர் தோள்பட்டை வலிக்கிறது என்று ஒருநாள் சொன்னார். பரந்தாமன் நிஜமாகவே வருத்தப்பட்டு, பாவம் வீட்டில் ஓய்வெடுக்கட்டும் என்று மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து, அனுப்பி வைத்துவிட்டார். ஐம்பத்தோரு வயதில் வேம்புலிக்கு மாலையும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம்.

போன ஆடி மாதம் பரந்தாமன் பத்து நாள் பம்பாய் போனார். கார் அம்பத்தூர் பட்டறை ஷெட்டிலேயே நின்றது. அவர் வருகிற நாளுக்கு முதல் நாள் மத்தியானம் வேம்புலி சாவியைத் திருப்பினால் தொரை மூச்சே விடவில்லை. பேட்டரி செத்திருந்தது. கரையான்சாவடியில் கடை வைத்திருக்கும் கார் எலக்ட்ரீஷியன் உத்தமனுக்குப் போன் போனது. அவன் டிவிஎஸ் ஐம்பதின் பின்னால் புதுப் பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்தான். பழையதைக் கழற்றினான், புதியதை மாட்டினான். இன்ஜின் ஓடியது. விளக்கு எரிந்தது. ஹாரன் கத்தியது. விளையாட்டாக ஒன்றாம் நம்பரையும் அமுக்கிப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்தே, இது நவுரவே மாட்டேங்குது?"

"அது அவரு எடத்துலயே கீது. எப்புடி நவுரும்?"

உத்தமன் குட்டி இருக்கையைத் தள்ளி நிஜ இருக்கையை முன்னால் கொண்டுவந்து, சாய்வையும் நிமிர்த்திவிட்டு, ஒன்றை மறுபடி அமுக்கிப் பிடித்தான். இருக்கை வந்த இடத்திலேயே நின்றது.

"போச்சு அண்ணாத்தே. அடியில மோட்டாருங்கோ கீது. ஒவ்வொண்ணும் எம்மாந்தூரம் ஓடி நிக்குதுன்னு ஒரு சின்ன பொட்டி ஞாபகம் வெச்சிக்கும். பேட்டரிய கழட்டுனதும் பொட்டி எல்லாத்தையும் மறந்துட்சி."

வேம்புலி ஷெட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டார். "அட பாவி, அத்த எதுக்குடா நவுத்துன? அப்படியே உட்டிருந்தா எடமாச்சும் இருந்திருக்குமே!"

"எனுக்கு இன்னா தெரியும்? புச்சா வெக்கிறது ஒரு நிமிசம் வேல. ஆனா உங்க மொதலாளி எங்க குந்துவாருன்னு எவனுக்குத் தெரியும்? நூலு புட்சி அளந்தா வெச்சிகீறே?"

வேம்புலி தூணை விட்டுவிட்டுக் கார் பக்கம் வந்தார். பிறகு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியும். நீ கதவாண்ட குந்திகினு சுச்ச அமுக்கு. நான் சொல்றப்ப நிறுத்து."

ஏறி உட்கார்ந்தார். காலைப் பிரேக்கின்மேல் வைத்தார். இருக்கை பின்னால் போயிற்று. "போவட்டும்" என்றார். "இன்னும் போவட்டும்." பாதம் பிரேக்கை விட்டுக் கழன்று விரல்கள் மட்டும் மிஞ்சின. வேம்புலி கண்ணை மூடிக்கொண்டார்.

"வலி இடுப்புல கீது... போவட்டும். தொடைக்கு வந்துட்சி. மெதுவா, மெதுவா. முட்டி... ஒரு தட்டு தட்டு. இன்னொண்ணு. நிறுத்து! குதிகாலுக்கு வந்துட்சி. எட்டிட்சி."

உத்தமன் முதலில் சிரித்தான். "இன்னா நைனா, சாமி வந்தாப்ல சொல்றே?" வேம்புலியின் நெற்றி வியர்வையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

உயரத்துக்கு வேறு அடையாளம். ஸ்டியரிங்கின் மேல் வளைவு, வேகம் காட்டும் வட்டத்தில் எண்பதை மறைக்க வேண்டும். நூறு தெரிய வேண்டும். ஆறு வருஷமாக எண்பது எங்கே இருக்கிறது என்றே அவர் பார்த்ததில்லை. சாய்வுக்கு அந்தத் துண்டு. சாய்வு அதிகமானால் துண்டு நழுவி விழுந்துவிடும், நிமிர்ந்தால் முதுகை நெட்டித் தள்ளும். நாலைந்து தரம் விழுந்த துண்டு, கடைசியில் விழாமலும் நெட்டாமலும் நின்றது.

"போட்ரா ஒண்ணு" என்றார். உத்தமன் எழுத்துப் பட்டனையும் ஒன்றையும் தட்டினான்.

காலைத் தேய்த்துக்கொண்டு இறங்கப் போனவரை உத்தமன் விடவில்லை. "இரு அண்ணாத்தே" என்று குட்டி இருக்கையை முன்னால் தள்ளினான். தொரை முனகிக்கொண்டே வேம்புலியை முன்னால் கொண்டுவந்தது, உயர்த்தியது, முதுகுக்கு அணைப்பாகச் சாய்வையும் கொடுத்தது. துண்டுக்கு வேலை இல்லை. வலது பாதம் முழுதாகப் பிரேக்கின்மேல் படிந்தது. பானெட்டின் நுனிவரை தெரிந்தது. வலி குதிகாலிலிருந்து முட்டிக்கு ஏறி, அங்கேயே யோசித்துக்கொண்டு நின்றதுபோல் இருந்தது. வேம்புலி ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"ரெண்டுல போட்டுடட்டா?"

"ரெண்டு வாணாம். அவரு பக்கத்துலயே இருந்தா நல்லா இருக்காது. மூணுல போடு."

பட்டறை வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் பிரேக்கைத் தொட்டதும் வண்டி குதித்து நின்றது. அடுத்த திருப்பத்திலும் அதே குதி. மூன்றாவது தடவை உத்தமன் தலை முன்கண்ணாடியில் மோதியது. "இன்னா மாமே, என்னை வெளில தள்ளிட்டுதான் ஓட்டுவியா?" வேம்புலி வண்டியை நிறுத்திவிட்டுக் காலைப் பார்த்தார். விரல் நுனியால் எட்டி எட்டித் தொட்டே பழகிய கால் அது. முழுப் பாதம் கிடைத்ததும் எவ்வளவு அமுக்குவது என்று அதற்குத் தெரியவில்லை.

"தோதான எடம் இதான். ஆனா காலு அங்க பழகிட்சி" என்றார். ஒன்றை அமுக்கிப் பிடித்தார்.

மறுநாள் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு வேம்புலி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பரந்தாமன் உட்கார்ந்தார்.

"பழைய பேட்டரி செத்துப்போச்சு சார். புதுசு போட்டாச்சு."

பட்டனை நோக்கிப் போன பரந்தாமனின் கை நின்றது. "பேட்டரியைக் கழட்டினீங்களா? கழட்டினா சீட் செட்டிங் எல்லாம் போயிடும்னு புத்தகத்துல போட்டிருக்கானே."

பரந்தாமன் ஒன்றை அமுக்கினார். இருக்கை அசையவில்லை. பின்னால் சாய்ந்தார். தோளை இப்படியும் அப்படியும் அசைத்தார். காலை நீட்டிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இடுப்பைச் சாய்வில் அழுத்தினார்.

"ஒரு நூல்கூட மாறல!" என்றார் பரந்தாமன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "புத்தகத்துல போட்டது தப்பு. பாத்தியா வேம்புலி, மெஷின்னா இதுதான் மெஷின். என்ன ஞாபகம் பாரு! நம்ம ஊர்ல ஒருத்தனுக்கு இப்படி ஞாபகம் இருக்குமா?"

"இருக்காது சார்" என்றார் வேம்புலி.

எப்படி நடந்தது என்று சொல்லப் போனால் கால் வலியைச் சொல்ல வேண்டும். கால் வலியைச் சொன்னால் மாலையும் கடிகாரமும் வரும். அவர் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார். போரூர்வரை பரந்தாமன் ஜெர்மனிக்காரர்களின் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தார்.

இப்போதும் வேம்புலி ஆறடிக்காரர் இருக்கையில்தான் ஓட்டுகிறார். துண்டு அதே துண்டு. ஆவடிக்குப் போகும் வழியில் அம்பத்தூர் கேட் மூடுகிறது. லாரிக்காரர் கேட்கீப்பரைத் திட்டுகிறார். ஸ்கூட்டர்காரர்கள் வண்டியைச் சாய்த்துத் தடுப்புக்கு அடியில் நுழைக்கிறார்கள். வேம்புலி வண்டி நகராதபடி கியரை மாற்றிவிட்டு, துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மூன்றாம் பட்டனை அமுக்கிப் பிடிக்கிறார். இருக்கை அவரை முன்னால் கொண்டுவந்து, கொஞ்சம் உயர்த்தி, முதுகைத் தாங்கிக்கொள்கிறது. வலது பாதம் முழுதாகத் தரையில் இருக்கிறது. மின்சார ரயில் ஒன்று போகிறது. கூட்ஸ் ஒன்று வருகிறது. அவர் பெட்டிகளை எண்ணுவதில்லை. நீளமாக இருக்கட்டும் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தடுப்பு மேலே போகிறது. பின்னாலிருந்து ஹாரன்கள். "யோவ், தூங்கிட்டியா?" என்று யாரோ கத்துகிறார்கள். வேம்புலி விரலை ஒன்றின்மேல் வைத்து அமுக்கிப் பிடிக்கிறார். இருக்கை மெல்ல அவரைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. அது நிற்கிறவரை பொறுத்திருந்து, மடியிலிருந்த துண்டை எடுத்து இடுப்புக்குப் பின்னால் செருகிக்கொண்டு, காலை நீட்டுகிறார்.