உப்பளத்துக்காரியின் முடிவு

கமாகுவே நகரத்து பாலே குழு ஒன்றில் மிக்டாலியா இருபத்திரண்டு வருடம் ஆடினாள். ஒரு தடவைகூட அவள் பெயர் சுவரொட்டியில் வந்ததில்லை. ஆனால் பின்னாளில் ஊரே கதைகதையாய்ப் பேசிய 'உப்பளத்துக்காரி' ஆட்டத்தை பெர்டோமோ மாஸ்டர் அமைத்தது அவள் உடம்பை வைத்துத்தான். மூன்று மாதம், காரை உதிரும் கூடத்தில், "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று அவளைப் பிழிந்தெடுத்தார். கால் நகம் பெயர்ந்த நாளில்கூட விடவில்லை.

அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் அந்த ஆட்டத்தைத் தூக்கி, குழுவிலேயே வெளுத்த நிறக்காரியான ஓடாலிஸிடம் கொடுத்தார்.

"உன் கால் மாதிரி யாருக்கும் வராது, மிக்டாலியா. ஆனா நாயகின்னா ஜனங்க மனசுல ஒரு நிறம் இருக்கு. நான் என்ன பண்ண?"

கறுப்பி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஓடாலிஸ் நாலே காட்சி ஆடினாள். சோகம் அதிகம் என்று அரசாங்க மேலிடம் ஆட்டத்தை நிறுத்திவிட்டது. மாஸ்டரோ எதையும் எழுதி வைக்கிறவர் அல்ல. அவர் இறந்த பத்தாம் வருடம், குழுவின் தலைவியாகிவிட்ட ஓடாலிஸ் காப்பித்தூள் பொட்டலத்தோடு மிக்டாலியா வீட்டுக்கு வந்தாள்.

"மாஸ்டர் நினைவா அதைத் திரும்ப மேடையேத்தணும்டி. எனக்குத் துண்டு துண்டாத்தான் ஞாபகம் இருக்கு."

"ஆடினவ நீ. கைதட்டு வாங்கினவ நீ. ஞாபகம் மட்டும் என்கிட்ட இருக்கணுமாக்கும்?"

"குத்திக்காட்டாதே. இந்தத் தடவை உன் பேரும் வரும். சத்தியமா."

மிக்டாலியா நம்பினாள். ஐம்பத்தெட்டு வயதில், வீங்கிய முழங்காலோடு ஆறு வாரம் கூடத்துக்குப் போய், ஓடாலிஸுக்கும் ஆடப்போகும் இளம்பெண்ணுக்கும் அடி அடியாக ஆடிக் காட்டினாள். முடிவு மட்டும் பாக்கி இருந்தபோது சுவரொட்டி அச்சாகி வந்தது. 'அமைப்பு: பெர்டோமோ. மீட்டெடுத்தவர்: ஓடாலிஸ்.' அதற்குக் கீழே அச்சகத்தின் பெயர்.

மாஸ்டரின் முடிவில் உப்பளத்துக்காரி சபைக்கு முதுகைக் காட்டி, குனிந்து உப்பு வாரிக்கொண்டே இருப்பாள். திரை விழும்வரை நிமிரமாட்டாள். மிக்டாலியா அதை மறைத்தாள். நுனிக்காலில் நின்று, இரு கைகளையும் வானுக்கு உயர்த்துகிற, எந்த ஆட்டத்துக்கும் ஒட்டவைக்கக்கூடிய ஒரு முடிவைக் கற்றுக்கொடுத்தாள்.

ஓடாலிஸ் தன் கைகளையும் அப்படியே உயர்த்திப் பார்த்தாள். "இப்படியா முடியும்?"

"இப்படித்தான்."

ஆட்டம் மேடையேறிய அன்று, யாராவது ஒரு பழைய ஆள் எழுந்து, இது அது இல்லை என்று கத்துவான், ஓடாலிஸின் மானம் கப்பலேறும் என்று மிக்டாலியா எதிர்பார்த்தாள். சபை முழுவதும் எழுந்தது, கைதட்டுவதற்காக. மாஸ்டரின் மேதைமை முழுவதும் அந்த உயர்ந்த கைகளில் இருக்கிறது என்று பத்திரிகை எழுதியது.

மாஸ்டரின் பெயரில் தன் பொய் நிற்பது மிக்டாலியாவுக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் ஓடாலிஸின் அறைக்குப் போய் நின்றாள்.

"அது மாஸ்டரோட முடிவு இல்ல. வேணும்னேதான் மாத்திச் சொன்னேன்."

ஓடாலிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "தெரியும். குனிஞ்சு உப்பு வாரணும். இடுப்பு வலிச்சதுகூட ஞாபகம் இருக்கு."

"அப்புறம் ஏன்டி வாயைத் திறக்கல?"

"முதுகுக்கு யாரு எழுந்து நின்னு கைதட்டுவா? உன்னோடது நல்லா இருந்துச்சு. விடு."

உன்னோடது. அந்த ஆட்டத்தில் ஒன்றை அவளுடையது என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் அவள் சொன்ன பொய்யை. மிக்டாலியா வெளியேறினாள்.

அதன்பின் மூன்று பெண்கள் அந்த ஆட்டத்தை ஆடிவிட்டார்கள். மூவரும் கைகளை உயர்த்தித்தான் முடித்தார்கள். மிக்டாலியாவை வந்து கேட்டவர் யாருமில்லை.