மைக்கு அடியில் நாலு வரி

தையல்காரிக்கு வீட்டில் வைத்த பெயர் அக்குவேறு. எதைக் கொடுத்தாலும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டாள். கடிகாரத்தைப் பிரித்து மாட்டியதில் மிஞ்சிய இரண்டு திருகு இன்னும் பொத்தான் டப்பாவில் கிடக்கிறது.

பழைய சாமான் கடையில் வாங்கிய பெரிய மரக் கேமராவும் அவளிடம் அப்படித்தான் மாட்டியது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பிடிக்கும் பிலிமைப் போட்டு, தைக்க வந்த கறுப்புக் கோட்டைப் படம் எடுத்தாள். கோட்டு வெள்ளையாக வந்தது. சாயமே இல்லாததுபோல, வெளுத்த இடம்கூடத் தெரியவில்லை. உடனே அவளுக்கு அக்காவின் கடிதம் ஞாபகம் வந்தது.

அத்தான் ஆஸ்பத்திரியில் சாவதற்கு முன் பென்சிலில் எழுதியது. அக்கா அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து, கடைசி நாலு வரியை மறுநாளுக்கு வைத்திருந்தாள். அதற்குள் இவளுடைய முழங்கை பட்டு மைப்புட்டி கவிழ்ந்துவிட்டது. ஒன்பது வருஷமாக அக்கா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

"குடுத்துப் பாரேன்க்கா. மையும் சாயம்தானே, மறைஞ்சிடும். பென்சில் நிக்கும்."

"ஒரு தடவ கெடுத்தது போதாதா?" என்றாள் அக்கா. ஆனாலும் மாடிக் கதவைக் கீச்சென்று திறந்து போய், எடுத்து வந்தாள்.

இருந்தது நாலே பிலிம். துணி போர்த்திய பலகையில் கடிதத்தைக் குத்தினாள். கேமராவில் உருவம் விழும் பின்கண்ணாடியில் பூதக்கண்ணாடி வைத்து, மை படாத மேல்வரி நறுக்கென்று தெரியும்வரை சரிசெய்தாள். பிறகு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் கருஞ்சிவப்பு வடிகட்டியை மாட்டி எடுத்தாள். கழுவிப் பார்த்தால் மை மறைந்திருந்தது. எழுத்தோ ஒரே கலங்கல். நொந்துபோய் உட்கார்ந்தவள் கண்ணில் ஒன்று பட்டது. மடிப்பால் உப்பி நின்ற கடிதம்தான் மங்கல். அதற்குப் பின்னால் இருந்த துணியின் நெசவை இழை இழையாக எண்ணலாம்.

அப்படியானால் கண் ஒன்றைப் பார்க்கிறது, பிலிம் அதற்குச் சற்றுப் பின்னால் இருப்பதைப் பார்க்கிறது. எவ்வளவு பின்னால்?

அளவெடுப்பதை அவளுக்கா சொல்லித்தர வேண்டும்? அளவு நாடாவை எண் ஏற ஏறப் பின்னால் போகும்படி சாய்வாக ஒட்டி, இருபதாம் எண் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி வைத்து எடுத்தாள். இருபதரைக்கு அப்பால்தான் தெளிவு. லென்ஸை ஒரு மில்லிமீட்டர் முன்னே தள்ளி மறுபடி எடுத்தாள். இருபது பளிச்சென்று வந்தது. சாக்குக்கட்டிக் கோடு அந்த அளவைவிடத் தடிமன் என்பதால், தள்ளிய தூரத்தைக் கேமராச் சட்டத்தில் குண்டூசியால் கீறிக்கொண்டாள்.

கடைசி பிலிம் கடிதத்துக்கு. கண்ணால் சரிபார்த்து, கீறல் அளவு தள்ளி, கொஞ்சம் முன்பின் ஆனாலும் தெளிவாக விழட்டும் என்று லென்ஸின் துவாரத்தையும் சுருக்கினாள். வடிகட்டியை மாட்டி எடுத்தாள்.

ஈரம் காயுமுன்பே அக்கா பிலிமை ஜன்னலில் பிடித்தாள். கறுப்பில் வெள்ளை எழுத்து.

"மாடிக் கதவு கீச்சுங்குது. நாளைக்கு, நாளைக்குன்னே நாளைக் கடத்திட்டேன். ரெண்டு சொட்டு எண்ணெய் விடு. தூக்கம் கெடுது உனக்கு."

அக்கா இரண்டு முறை படித்தாள். பிறகு தையல் மெஷின் டிராயரை இழுத்து எண்ணெய் டப்பாவை எடுத்தாள். மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்றாள்.

"கதவோட மேல் கீல் எனக்கு எட்டாது. நாற்காலிய எடுத்துட்டு வாடி."