கிழங்கை அவித்தது நான்

என் தம்பி மனைவி மேல் எனக்குப் பொறாமை. இதை இப்படி ஒரே வரியில் எழுத எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதற்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால், "பொறாமையா? எனக்கா? அவ மேலயா?" என்று சிரித்திருப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் வயிறெரிந்திருப்பேன்.

ஆயர் ஈத்தாம் மலைச்சரிவில் ஒரு பழைய ஜாதிக்காய்த் தோட்டத்தை வாடகைக்கு எடுத்து, வெல்னஸ் ரிட்ரீட் ஒன்று நடத்துகிறேன். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் ஆறேழு பேர் இருப்பார்கள். காலையில் யோகா, பிறகு காட்டு நடை, எலுமிச்சை மணம் வீசும் செராய்ப்புல் போட்ட வெந்நீரில் கால் ஊறவைப்பது, மூங்கிலில் வெந்த சோறு. கைப்பேசியை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபது வருடம் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள் நான். வேலை போனதும் யோகாவில் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு இதை ஆரம்பித்தேன். ஜெலுத்தோங்கில் என் பிளாட்டுக்குக் கீழே காப்பிக்கடை வைத்திருக்கும் அண்ணன் இன்றைக்கும், "என்ன தங்கச்சி, மசாஜ் கடை எப்படிப் போவுது?" என்றுதான் கேட்கிறார்.

என் தம்பி முன்பு கேமரன் மலையிலிருந்து காய்கறி லாரி ஓட்டினான். அந்த வழியில் தாப்பா பக்கத்துச் செமாய்ப் பூர்வகுடிக் கிராமம் ஒன்றில் ஒரு பெண்ணைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு, தாசேக் கெலுகோரில் குடிவைத்தான். அவளுக்கு மலாய் தெரியும். தமிழை அவனிடம் கற்றுக்கொண்டாள், அதனால் அவனைப் போலவே பேசுவாள். அவளைச் சமையலறை உதவிக்குக் கூப்பிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மை வேறு. "இயற்கையோடும் பூர்வகுடிப் பண்பாட்டோடும் மூன்று நாள்" என்று விளம்பரம் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான், நம் இடத்தில் ஒரு பூர்வகுடிகூட இல்லையே என்று உறைத்தது.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. அவசரமாக வெளியே கிளம்பும்போது யாராவது சாப்பிடச் சொன்னால், வேண்டாம் என்று வெறுமனே போகமாட்டாள். தட்டில் இருப்பதை ஒரு விரலால் தொட்டுவிட்டுத்தான் போவாள். ஜெலுத்தோங்கில் எங்கள் மலாய்க்கார அண்டை வீட்டாரும் இப்படிச் செய்வார்கள், கெம்புனான் என்பார்கள். ஆசை தீராமல் ஒருவர் வழியில் இறங்கினால் விழுவார், அடிபடுவார், பாம்பு கடிக்கும். தின்ன நேரமில்லாவிட்டால் தொட்டாவது வை. விஷயம் இவ்வளவுதான். ஆனால் அவள் ஊரில் இன்னும் கடுமை. ஒருவர் ஆசைப்பட்டதைக் கொடுக்காமல் விட்டு, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், கொடுக்காதவர்மேல்தான் குற்றம்.

நான் சும்மா இருப்பேனா? நிகழ்ச்சி அட்டையில் அதை அச்சடித்துவிட்டேன். "உணவைத் தொட்டு நன்றி சொல்லும் தொன்மைச் சடங்கு." கண்ணை மூடி, மூச்சை இழுத்து, புல்லாங்குழல் இசை ஒலிக்க, வந்தவர்கள் எல்லாரும் சோற்றைத் தொட வேண்டும். முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு அவள் சமையலறைக்கு வந்தாள்.

"ஏங்கா, அவங்கதான் இப்பச் சாப்பிடப் போறாங்களே, அப்புறம் எதுக்குத் தொடறாங்க?"

"அதெல்லாம் உனக்குப் புரியாதுமா," என்றேன். அவளுடைய பழக்கத்தைப் பற்றி அவளிடமே இப்படிச் சொன்னேன்.

கொஞ்ச நாளில் காட்டு நடைக்கும் அவளை அனுப்பினேன். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. நான் நடத்தினால் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று மூச்சைப் பற்றி, வேரைப் பற்றி, மனதைப் பற்றிப் பேசுவேன். ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். அவள் ஒன்றும் பேசமாட்டாள். முன்னால் நடப்பாள், எங்கேயாவது நிற்பாள், ஓர் இலையைக் கிள்ளி முகரக் கொடுப்பாள். திரும்பி வருகிறவர்கள் கண் கலங்கி வருவார்கள். பிறகு தொலைபேசியில் அறை கேட்கிறவர்கள், விலையைக் கேட்பதற்கு முன்னால், "அவங்க இருப்பாங்கதானே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "யாரு?" என்பேன், தெரியாதவள் போல.

ஒரு முறை சிங்கப்பூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் இறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வாய் சாப்பிடவில்லை. மூச்சுப் பயிற்சி கொடுத்தேன். மனதில் இருப்பதை எழுதச் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினேன். எதுவும் பலிக்கவில்லை. இரண்டாம் நாள் மாலை, நான் மரவள்ளிக்கிழங்கு அவித்து, தேங்காய் துருவி வைத்திருந்தேன். தம்பி மனைவி அதில் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள். தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் பக்கம் நகர்த்தினாள். ஒரு வார்த்தை இல்லை. அந்த அம்மா ஒரு துண்டை எடுத்தார். இன்னொன்று எடுத்தார். பிறகு அவள் தோளில் சாய்ந்து அழுதார்.

நான் சமையலறை வாசலில் துருவலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சந்தோஷப்பட வேண்டிய இடம். ஆனால் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: கிழங்கை அவித்தது நான்.

ஒரு மாதம் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. "என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு" என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. நானும்தானே பக்கத்தில் உட்கார்ந்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பிரித்தேன். கரும்பச்சையில் ஒரு சால்வை. கூடவே ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கடிதம். படித்த மாத்திரத்தில் அது யாருக்கு என்று தெரிந்துவிட்டது. இரண்டையும் மறுபடி சுற்றி, அலமாரியின் மூன்றாவது தட்டில், பழைய துண்டுகளுக்கு அடியில் தள்ளினேன்.

அந்த வெள்ளிக்கிழமை வந்ததும் அவள் கேட்டாள். அவள் எதையும் கேட்கிறவள் இல்லை. சம்பளத்தைக்கூடக் கேட்டதில்லை.

"அக்கா, அந்தச் சிங்கப்பூர் அக்கா இப்ப சாப்பிடுறாங்களாமா? ஏதாச்சும் சேதி வந்துச்சா?"

"இல்லையே."

அடுத்த வெள்ளி, "சேதி வந்துச்சாக்கா?" என்றாள். "வந்தா சொல்லமாட்டேனா?" என்று எரிந்து விழுந்தேன். அதற்கடுத்த வெள்ளியும் கேட்டாள். பாவம் என்று தோன்றவே இல்லை. இவளுக்கு எவ்வளவு அக்கறை பார் என்று அதற்கும் எரிந்தது.

அந்த வாரம் கோலாலம்பூரிலிருந்து ஐந்து பெண்கள் வந்திருந்தார்கள். ஐவரும் அவளைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவர்கள். சனிக்கிழமை விடிந்ததும் தம்பியை வரவழைத்து, அவளை அவனோடு புக்கிட் மெர்தாஜாமுக்கு அனுப்பினேன். தையற்கடையில் தலையணை உறை கொடுத்திருந்தேன், வாங்கி வர வேண்டும். ஓர் அவசரமும் இல்லை. தையற்காரரே அடுத்த வாரம் வாருங்கள் என்றுதான் சொல்லியிருந்தார்.

"இன்னிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்," என்று பெண்களிடம் அறிவித்துவிட்டு முன்னால் நடந்தேன். அவளைப் போலவே பேசாமல் நடந்தேன். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டேன். ஒரு மரத்தடியில் சட்டென்று நின்று, ஆழ்ந்த மௌனத்தோடு மேலே பார்த்தேன்.

பின்னால் ஒரு பெண் பதறினாள். "ஆன்ட்டி, மூச்சு வாங்குதா? உக்காருங்க லா."

அதோடு திரும்பியிருக்கலாம். ரோஷம் விடவில்லை. ஓடையில் தம்பி மனைவி கல் கல்லாகத் தாண்டிப் போவாள். நானும் போனேன். மூன்றாவது கல்லில் வழுக்கி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தேன். கணுக்கால் பிசகிவிட்டது. ஐந்து பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஓய்வெடுக்க வந்தவர்கள், பாவம்.

மதியம் அவள் திரும்பி வந்தாள். தலையணை உறை தயாராகவில்லை என்றாள். என் காலைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள். மஞ்சளும் இஞ்சி மாதிரியான லெங்குவாஸ் கிழங்கும் அரைத்துச் சூடாக்கிக் கட்டினாள். எல்லாம் முடிந்த பிறகும் காலை விடாமல், தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நீங்க எத்தனையோ தடவ போன பாதை இது. அதுல விழுந்திருக்கீங்க. என்னாச்சும் ஆசைப்பட்டீங்களா?"

"ஆசையா? இந்த வயசுலயா?"

"எங்கிட்ட இருந்து ஏதோ வேணும்னு நெனச்சிருக்கீங்க. ரொம்ப நாளா எனக்குத் தெரியுது. என்னான்னுதான் தெரியல. நான் குடுக்காம விட்டுட்டேன். என்மேலதான் தப்பு. சொல்லுங்கக்கா, குடுத்திடுறேன்."

ஏளனமாகச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே பயந்துபோயிருந்தாள். மூன்று வாரமாக அவள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே ஒரு சேதியை நான் துணிக்கு அடியில் மறைத்து வைத்திருக்கிறேன். அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இனியும் பூசி மெழுக முடியவில்லை.

"அலமாரியில மூணாவது தட்டு," என்றேன். "பழைய துண்டுக்குக் கீழ ஒரு பொட்டலம் இருக்கு. உனக்கு வந்தது."

எடுத்து வந்தாள். ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்ததைப் பார்த்தாள். ஆங்கிலம் தெரியாததால் கடிதத்தை என்னிடமே நீட்டினாள். நான் படித்துத் தமிழில் சொன்னேன். "நான் இப்போது சாப்பிடுகிறேன். தினமும், தவறாமல். இந்தச் சால்வை என் கையால் பின்னியது. ஒரு வாரம் என் வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். டிக்கெட் அனுப்புகிறேன்."

"எப்ப வந்துச்சுக்கா?"

"மூணு வாரமாச்சு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கும் பதிலுக்குப் பேச ஏதாவது கிடைத்திருக்கும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப மூணு வாரமா சாப்பிடுறாங்க," என்றாள். "நான் சும்மா கவலப்பட்டுட்டேன்."

பிறகு சால்வையைப் பிரித்துத் தோளில் போட்டுப் பார்த்தாள். நன்றாக இருந்தது. அந்த நிலையிலும், நமக்கு இந்த நிறம் இப்படி எடுபடாதே என்று என் மனம் அடித்துக்கொண்டதை மறைக்கப் போவதில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

"உங்களுக்கு வேணுமாக்கா?"

"வேணாம்மா. உனக்கு வந்தது."

"அப்ப தொட்டுக்குங்க," என்று முந்தானை போலத் தொங்கிய ஓரத்தை என்னிடம் நீட்டினாள். "இல்லன்னா மறுபடியும் விழுவீங்க."

அட்டையில் நான் அச்சடித்தபடி கண்ணை மூடவில்லை, மூச்சை இழுக்கவில்லை. ஒரு விரலால் தொட்டேன். முரட்டுக் கம்பளி நூல்.

பதில் எழுத வேண்டும் என்றாள். ஆங்கிலம் நான்தான் எழுத வேண்டும். கால் மேல் தலையணையும், தலையணை மேல் காகிதமுமாக உட்கார்ந்தேன். "வரட்டுமான்னு எழுதணுமா, வரேன்னு எழுதணுமா?" என்று கேட்டேன்.

"வரேன்னு எழுதுங்க. லீவு குடுப்பீங்கள்ல?"

"குடுக்கிறேன்."

அந்த ஒரு வாரம் தொலைபேசியில் கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். சால்வை நன்றாக இருக்கிறது என்று எழுதச் சொன்னாள். தொடர்ந்து சாப்பிடுங்கள் என்று எழுதச் சொன்னாள். முடிந்தது என்று நான் மடிக்கப் போனபோது கையைப் பிடித்தாள்.

"இன்னும் ஒண்ணுக்கா. அன்னிக்குச் சாப்பிட்ட கிழங்கு நான் செய்யல, எங்க அக்காதான் அவிச்சாங்க, அப்பிடின்னு எழுதுங்க."

கிழங்கை அவித்தது நான் என்று யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.