அப்பா வேதம் வாசிக்காத நாட்கள்

பவானிபூரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில் தினமும் பொழுது விடிந்ததும் ஒரு விசாரணை நடக்கும். அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஜமுக்காளத்தில் வந்து உட்காருவார். மடியில் வேதப்புத்தகம் இருக்கும். அதைச் சுற்றியிருக்கும் துணியை மட்டும் உடனே அவிழ்க்க மாட்டார். துணியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

"இந்த வீட்டுல யாருக்காவது யார் மேலயாவது மனஸ்தாபம் உண்டா?"

உண்டு என்றால் அதை அங்கேயே பேசித் தீர்த்தாக வேண்டும். தீரும்வரை துணி அவிழாது. ஏன் இப்படி என்று அண்ணன் ஒருமுறை கேட்டதற்கு, "எச்சித் தட்டுல யாராச்சும் சுடுசோறு போடுவாளாலே? மொதல்ல தட்டைக் கழுவணும்" என்றார் அப்பா. மனத்தில் கசப்பை வைத்துக்கொண்டு வேதத்தைத் திறந்தால் கண் மட்டும்தான் வாசிக்கும் என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

எனக்கும் அண்ணனுக்கும் இந்த ஏற்பாடு பல வகையில் வசதியாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போக மனமில்லாத நாட்களில் முந்தைய நாள் சண்டையை எடுத்து நீட்டினால் ஜெபம் முடிய நேரமாகும். அவன் என் பல்பத்தை ஒடித்தான், இவள் என்னை வங்காளத்தில் திட்டினாள் என்று மாறி மாறி முறையிடுவோம். அப்பா நீதிபதியைப் போல இரண்டு பக்கமும் கேட்பார். கடைசியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து "மன்னிச்சிரு", "சரி" என்று சொல்வோம். சொல்லும்போதே அவன் என் விரலை நெரிப்பான். அம்மா இந்த விசாரணைகளில் வாயே திறக்க மாட்டாள். அவளிடம் கேள்வி வரும்போது தலையை மட்டும் அசைப்பாள். அம்மாவுக்குக் கோபமே வராது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

அப்பா பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு சர்க்கார் ஆபீஸ் உத்தியோகத்துக்கு வந்தவர். எங்களைப் போல வந்து சேர்ந்த சில தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் கூடி ஆராதனை நடத்தும். அங்கே வேதபாடம் வாசிப்பவர் அப்பாதான். அவருடைய குரலைக் கேட்பதற்காகவே ஹவுராவிலிருந்து ஆற்றைக் கடந்து வருகிறோம் என்று சொன்னவர்கள் உண்டு. மிகைப்படுத்தித்தான் சொன்னார்கள். ஆனாலும் அப்பா எழுந்து நின்று புத்தகத்தைத் திறக்கும்போது கைக்குழந்தைகள்கூட அழுகையை நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம் துர்கா பூஜை விடுமுறை தொடங்கிய நாளில் அம்மா என்னையும் அண்ணனையும் அழைத்துக்கொண்டு, பிரசவித்திருந்த ஒரு சபைப் பெண்ணைப் பார்க்கப் போயிருந்தாள். அப்பா மட்டும் வீட்டில் இருந்தார். நாங்கள் திரும்பி வந்தபோது வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் வழக்கம்போல விசாரணை செய்தார். அதற்கடுத்த நாளும் செய்தார்.

கீழ் வீட்டில் ஒரு வங்காளி அம்மாள் இருந்தார். நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுவோம். அவர்கள் வழக்கப்படி அது சின்னம்மா முறை. அன்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு தண்ணீர் பிடிக்க இறங்கியபோது மாஷிமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ அவசரமாகச் சொன்னார். அதில் 'பாய்' என்ற சொல் மட்டும்தான் அம்மாவுக்குப் பிடிபட்டது.

"ஏட்டி, மொட்டை மாடியில காயப்போட்ட பாய் கீழ விழுந்து கெடக்காம். போயி எடுத்துட்டு வா" என்றாள் என்னிடம்.

எனக்கு வங்காளம் தமிழைவிட நன்றாக வரும். "அந்தப் பாய் இல்லம்மா, வங்காளத்துல பாய்னா தம்பி. உன் தம்பி வந்திருந்தாராம்" என்றேன்.

அம்மாவின் இடுப்பிலிருந்து குடம் இறங்கியது. மாஷிமா சொன்னதை நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அம்மாவின் ஜாடையில், தலைமுடியை நீளமாக வளர்த்த ஒரு பையன் வந்தான். மாடி ஏறிப் போனான். போன வேகத்தில் இறங்கினான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மாஷிமாதான் உட்காரவைத்துத் தண்ணீரும் தேங்காய் உருண்டையும் கொடுத்தாராம். கிதிர்பூரில் தங்கியிருக்கிறானாம். பூஜை முடிந்ததும் ரங்கூன் கப்பல் ஏறப் போகிறானாம்.

அழகாக மொழிபெயர்த்துவிட்டேன் என்ற பெருமையில் அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

மாமாவைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. அப்பா சிபாரிசு செய்து மிஷனின் உபாத்தியாயர் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்ட மாமா, பாதியில் அதை விட்டுவிட்டு ஒரு நாடகக் கம்பெனியில் பெண் வேஷம் கட்டப் போய்விட்டார். அப்பா மிஷன் துரைமாருக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அந்த உறவு பெட்டிக்கு அடியில் போன துணியாகிவிட்டது.

மறுநாள் காலை அப்பா ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். கேட்டார். அன்று எங்களிடம் சண்டை எதுவும் கைவசமில்லை, இல்லை என்றோம். அவர் கை துணியின் முடிச்சுக்குப் போனது.

"எனக்கு இருக்கு" என்றாள் அம்மா.

அப்பா எங்களைத்தான் முறைத்தார். "பிள்ளைய மேலயா?"

"இல்ல. உங்க மேல."

வெளியே எங்கோ ஒரு பெரிய வீட்டில் பூஜை மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா குரலை உயர்த்தாமல் பேசினாள். "எந்தம்பி வந்திருந்தான். வாசலோட அனுப்பிட்டிய. ஒரு வாய்த் தண்ணி அவனுக்குக் கீழ் வீட்டுலதான் கெடச்சிருக்கு."

"அவன் என்ன தொழிலுக்குப் போயிருக்கான்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். அது எனக்கும் வருத்தந்தான். ஆனா நீங்க தெனம் எங்களைக் கேக்கிய. நாங்களும் பதில் சொல்லுதோம். ஒரு நாளாவது உங்களை நீங்க கேட்டியளா?"

நானும் அண்ணனும் நெருங்கி உட்கார்ந்துகொண்டோம். அப்பாவின் கோபம் எங்களுக்குத் தெரியும். அவர் கத்துவார் என்றுதான் எதிர்பார்த்தோம். அவர் கத்தவில்லை. வெகுநேரம் புத்தகத்தின் மேலிருந்த தம் கையையே பார்த்தார். பிறகு எழுந்து அதை அப்படியே மாடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"இன்னைக்கு வாசிப்பு இல்ல" என்றார்.

மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எங்களுக்கு முதலில் கொண்டாட்டமாக இருந்தது, கூடுதலாகத் தூங்கினோம். போகப் போக வீடு என்னவோ போலாகிவிட்டது. அம்மா எப்போதும்போலச் சமைத்தாள், பரிமாறினாள். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அப்பா காலையில் குளித்து வெள்ளை வேட்டியோடு ஜன்னலருகில் வந்து நிற்பார். மாடத்தைப் பார்ப்பார். கை நீட்டி எடுத்து, அம்மா சொன்னதைக் கேட்காததுபோல ஒரு அதிகாரத்தை வாசித்துவிட்டுப் போயிருக்கலாம். அவரை யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அவர் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் நேரத்தில் எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து போதகரிடம் சென்றார். காதோடு சொல்லியிருக்கலாம்; முன்வரிசைக்குக் கேட்கும்படிதான் சொன்னார்.

"ஐயா, இன்னைக்கு நான் வாசிக்கக்கூடாது. வேற யாரையாவது வாசிக்கச் சொல்லுங்க."

கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. கோவில்பிச்சை என்ற வயதானவர் கண்ணாடியைத் தேடி எடுத்துத் தட்டுத்தடுமாறி வாசித்தார். அப்பா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வரிசையில் இரண்டு பேர் அவரையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. என் அப்பாவின் குரலுக்கு என்ன குறை என்று கத்த வேண்டும்போல இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அப்பா அம்மாவிடம், "நீ பையனைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ. உலையில ஒரு ஆளுக்குக் கூடப் போடு" என்றார். என்னைப் பார்த்து, "நீ என்கூட வா. வழி கேக்க ஆள் வேணும்" என்றார். ஆபீஸில் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கும் அப்பாவுக்கு வங்காளத்தில் நான்கு சொல் சேர்ந்தாற்போல வராது.

கிதிர்பூருக்கு டிராமில் போனோம். ஜன்னலோர இடம் எனக்குக் கிடைத்தது. துறைமுகப் பக்கம் இறங்கி, மதராஸி நாடகக்காரர்கள் எங்கே என்று நான் ஒவ்வொரு கடையாகக் கேட்டேன். முதலில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு கடைக்காரன் தெலுங்குக் கூலிகளின் குடியிருப்பைக் காட்டினான்; அங்கே போய்த் திரும்பினோம். அப்பாவின் கோட்டு வேர்வையில் நனைந்துவிட்டது. கப்பல் போயிருக்குமோ என்று ஒருமுறை தமக்குள் சொல்லிக்கொண்டார். கடைசியில் ஒரு பொரிக்காரி, கிரீடம் வைத்த பெட்டிகள் போன இடம் என்று ஒரு பழைய கிடங்கைக் காட்டினாள்.

உள்ளே ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். தகரக் கிரீடங்களும் மரக்கத்திகளும் வைக்கோலுக்குள் போய்க்கொண்டிருந்தன. மூலையில் ஒருவர் ஜரிகைப் புடவை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார். தலைமுடியைக் கொண்டையாக முடிந்திருந்தார். அம்மாவே ஆணாகி உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். புடவை கையிலிருந்து நழுவியது.

"அத்தான்..." என்றார். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். "கம்பெனியை விடச் சொல்லி வந்தியன்னா, நான் விட மாட்டேன்."

"அதுக்கு வரல" என்றார் அப்பா. "வீட்டுக்கு வந்தவனை வாசலோட அனுப்பிட்டேன். அது தப்பு. சாப்பிடக் கூப்பிட வந்தேன்."

மூட்டை கட்டியவர்கள் கை ஓய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வாசல்படியில், வெயிலில் நின்றார். உள்ளே வரச் சொல்லும்வரை அவர் உள்ளே போகவில்லை என்பதை நான் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். கப்பல் மறுநாள் காலை என்று டிராமில் சொன்னார்.

அம்மா மாடிப்படியின் மேல்படியில் நின்றிருந்தாள். கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தேன். "காலைக் கழுவிட்டு வா, சோறு ஆறுது" என்றாள். சாப்பிட்ட பிறகு மாமாவை முன்னால் உட்காரவைத்து, கொண்டையை அவிழ்த்து, எனக்குச் செய்வதைப்போல எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்தாள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். எந்த முடியைக் கண்டு அவருக்கு ஆத்திரம் வந்ததோ, அதை அம்மா வாரி முடிக்கும்வரை இடத்தைவிட்டு எழவில்லை.

அந்தக் கப்பல் போன பிறகு அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மாமா பர்மாவிலேயே தங்கிவிட்டார். அம்மா கல்கத்தாவிலேயே காலமானாள். அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு மிச்சம்.

வெயில் தாழ்ந்ததும் அப்பா கைகால் கழுவிவிட்டு மாடத்திலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்தார். எல்லாரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தோம். எங்களைக் கேட்பதற்கு முன், அப்பா தாமாகவே தொடங்கினார்.

"எனக்கு இவன் மேல கோவம் இருந்துச்சு. துரைமாருக்கு முன்னால தலைகுனிய வச்சிட்டானேன்னு ரோசம் இருந்துச்சு. அதை உள்ள வச்சிக்கிட்டேதான் தெனமும் உங்களை விசாரிச்சிருக்கேன்." அம்மாவைப் பார்த்தார். "ஒனக்கு?"

"இப்ப இல்ல" என்றாள் அம்மா.

மாமாவும் இல்லை என்று தலையசைத்தார். அப்பா துணியை அவிழ்த்தார்.

வீட்டில் வேதத்தை வரிசையாகத்தான் வாசிப்போம். விட்ட இடத்தில் அடையாளத்துக்கு வைத்த நூல் கிடந்தது. அங்கே விரித்தால், வந்தது பழைய ஏற்பாட்டின் வம்ச அட்டவணை. இன்னாருக்கு இன்னார் பிள்ளை, அவனுக்கு இன்னார் சகோதரன் என்று பக்கம் முழுவதும் வாயில் நுழையாத பெயர்கள். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினான். வேறு நல்ல அதிகாரமாக அப்பா புரட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் புரட்டவில்லை. எப்போதும் ஒலிக்கும் அந்தப் பெரிய குரலிலும் வாசிக்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு பெயராக, அந்த மனிதர்களைத் தெரிந்தவர்போல வாசித்தார். பாதியில் ஒரு பெயரில் நின்றார். மறுபடி வாசித்தார். மாமா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அம்மாவின் கண்களிலிருந்து நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் துடைக்கவும் இல்லை.

நான் அம்மாவின் காதருகில் போய், "வெறும் பேருதானம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா, பேருதான்" என்றாள் அவள்.

மறுநாள் விடியற்காலையில் மாமாவைக் கப்பலேற்ற அப்பாவும் அம்மாவும் போயிருந்தார்கள். நான் மாடத்திலிருந்து புத்தகத்தை இறக்கி, துணியை அவிழ்த்து, அந்த அதிகாரத்தை விரல் வைத்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். பெரியவர்களை அழவைத்த பெயர் எதுவென்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. மூடி வைத்துவிட்டு, மாஷிமா வீட்டுக்கு விளையாடப் போனேன்.