ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்துவைத்த கால்கள்

ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்து நெரிசலில் நகராமல் நின்றபோது அந்தச் செய்தி வந்தது. எங்கள் கால்பந்து கிளப்பின் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். "புதன்கிழமை கப் மேட்ச்சுக்கு ஃபர்ஸ்ட் டீம் யாரும் வர வேண்டாம். ஜூனியர்கள் ஆடுவார்கள். ஞாயிறு லீக் மேட்ச் முக்கியம். அனைவரும் ரெஸ்ட் எடுக்கவும்." கடைசியில் ஒரு கும்பிடும் கை.

பஸ் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் நுழையும்வரை அந்தக் கையை முறைத்துக்கொண்டே வந்தேன்.

நான் அந்த அணியின் ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால் நின்று தடுப்பவன். தில்லை நகரில் ஒரு மருத்துவமனையில் பில் போடும் கவுன்டரில் வேலை. புதன்கிழமை மாலை டியூட்டியை மாற்றிக்கொள்ள, உடன் வேலை செய்யும் ஒரு அம்மாவிடம் அவருடைய தீபாவளி டியூட்டியை நான் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருந்தேன். கே.கே. நகர் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் மனைவி, தன் சக ஆசிரியைகள் இருவரிடம் "என் வீட்டுக்காரர் ஆடுறார், வாங்க" என்று சொல்லிவைத்திருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என் ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதற்கு முக்கியக் காரணம் லீக்.

லீக் ஆட்டங்கள் விடிந்தும் விடியாமலும் தொடங்கிவிடும். வாக்கிங் வந்தவர்கள்தான் பார்வையாளர்கள். அவர்களும் ஒரு கார்னர் கிக் வரைக்கும் நின்றுவிட்டு நடையைக் கட்டிவிடுவார்கள். கப் அப்படியில்லை. கோடையில் கன்டோன்மென்ட் பக்கத்து மைதானத்தில் மாலை நேரத்தில் நடக்கும் நாக்-அவுட் போட்டி அது. மைக்கில் வர்ணனை இருக்கும். கேலரி நிறையும். பாலக்கரையிலிருந்தும் பெரியகடைவீதியிலிருந்தும் குடும்பத்தோடு வருவார்கள். வருடம் முழுக்க ஓடுவதே அந்த இரண்டு வாரத்துக்காகத்தான் என்று எங்களில் பலருக்கு நினைப்பு. அந்த வருடம் முதல் சுற்றைத் தாண்டிவிட்டோம்; பள்ளி வேலையால் அதற்கு என் மனைவி வர முடியவில்லை. கால் இறுதியில் சென்னையிலிருந்து வரும் ஒரு பெரிய அலுவலக அணியோடு மோதல். அதற்குத்தான் வர வேண்டாமாம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் செயலாளரைக் கூப்பிட்டேன்.

"சார், மெசேஜ் பாத்தேன்."

"பாத்துட்டேல்ல தம்பி? அப்ப ரெஸ்ட் எடு."

"கால் இறுதி சார். நம்ம கிளப் கடைசியா எப்ப இவ்வளவு தூரம் வந்துச்சு?"

"லீக்ல எத்தனாவது எடத்துல இருக்கோம்னு உனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை தோத்தா செகண்ட் டிவிஷன். கப்ல ஜெயிச்சா என்ன குடுப்பான்? ஒரு சுழற்கேடயம். அதையும் அடுத்த வருஷம் திருப்பிக் குடுக்கணும்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் எரிச்சலே. ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நேராக மைதானத்துக்கு வந்துவிடுவார். முதல் டிவிஷன் சான்றிதழ் கையில் இருந்தால்தான் பையன்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படித் தான் இடம் வாங்கிக்கொடுத்த பையன்களின் பெயர்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கிளப் கீழே இறங்குவதைத் தன் குடும்பத்துக்கு வந்த அவமானம்போல நினைப்பவர். இவரோடு சண்டை போடுவதும் கஷ்டம், போடாமல் இருப்பதும் கஷ்டம்.

என்னைவிடக் கொதித்துப்போயிருந்தவன் என் நண்பன். கத்தாரில் ஏசி மெக்கானிக். ஊரை விட்டுப் போகும்வரை எங்கள் அணியின் ஃபார்வர்டு அவன்தான். பெருநாளுக்கு லீவு கேட்காமல் கப் நடக்கும் வாரங்களுக்கு லீவு கேட்டு வந்திருந்தான். அதற்கு வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. முதல் சுற்றில் எங்கள் கோல்கள் எல்லாமே அவன் போட்டதுதான். லீக்குக்கு வீரர்களைப் பதிவு செய்யும் தேதி அவன் ஊருக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆகவே அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கப் மட்டும்தான்.

"மாப்ள, அப்ப என்னைய மட்டும் அந்தப் பசங்களோட எறக்கிவிடப்போறாரா?" என்றான் போனில். "பாதிப் பேருக்கு மீசையே மொளைக்கல. சென்னைக்காரன் ஒவ்வொருத்தனும் பீரோ மாதிரி இருக்கான். யா அல்லா, இதுக்கா நான் லீவு போட்டு வந்தேன்?"

இருவருமாகச் செயலாளரை நேரில் போய்ப் பார்த்தோம். தில்லை நகரில் ஒரு டீக்கடை வாசலில் நின்றபடி அரை மணி நேரம் பேசினோம். நண்பன் கெஞ்சினான். என்னையும் இன்னும் இரண்டு பேரையுமாவது அனுப்பச் சொன்னான். செயலாளர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"தம்பிக்கு வயசு முப்பத்தஞ்சு தாண்டியாச்சு. புதன் ஆடினா ஞாயித்துக்கெழம மாடிப்படி எறங்குவானா? போன மாசம் என்ன ஆச்சு? சுவத்தப் புடிச்சிட்டு நடந்தான்ல?"

அதுவும் உண்மை. டீ ஆறிப்போயிருந்தது. குடிக்காமலே வைத்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை மாலை பேன்ட் சட்டையோடு கேலரியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் மனைவி. அவளுக்குப் பக்கத்தில் அந்த இரண்டு ஆசிரியைகள். "வராதே" என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "அவங்ககிட்ட என்னன்னு சொல்றது? வந்து உக்காந்திருப்போம்" என்று கூட்டிவந்துவிட்டாள். ஒரு ஆசிரியை ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரம் கழித்து மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"சார், நீங்க எப்ப எறங்குவீங்க?"

"இன்னிக்கு எனக்கு ரெஸ்ட்டுங்க."

"ஓ! அடிபட்டிருச்சா?"

"இல்லைங்க. அடிபடக் கூடாதுன்னு."

அவர் தலையாட்டிவிட்டுச் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தார். என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

கீழே எங்கள் பையன்களுக்கு ஜெர்சி தொளதொளவென்று தொங்கியது. மைக்கில் அணியின் பெயர்களை வாசித்தபோதே கூட்டத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஒரிஜினல் டீம் எங்கய்யா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "ஸ்கூல் பசங்கள அனுப்பி ஏமாத்துறாங்க!" போட்டி நடத்தும் கமிட்டியின் தலைவர் மேடையிலிருந்து எழுந்துவந்து எங்கள் செயலாளரிடம் கையை நீட்டி நீட்டிப் பேசுவது தெரிந்தது. இவர் கையைக் கட்டிக்கொண்டு வெறுமனே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சென்னை அணி முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டது. அதற்குமேல் அவர்கள் அவ்வளவாக மெனக்கெடவில்லை. எதிரில் இருப்பவர்கள் சிறு பையன்கள் என்ற அலட்சியம். இரண்டாம் பாதியில் எங்கள் இடது விங் பையன் ஒரு பந்தைக் கோட்டோரமாகவே கொண்டுபோய் உள்ளே தள்ளினான். நண்பன் அதை நெஞ்சில் வாங்கி, திரும்பி, அடித்தான். கேலரியே எழுந்து நின்றது. நானும் எழுந்து நின்று கத்தினேன். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, அந்தப் புல்லின்மேல், நான் இருந்திருக்க வேண்டும்.

ஆட்டம் சமனில் முடிந்து டை பிரேக்கருக்குப் போனது. எங்கள் கோல்கீப்பர் பையன் இரண்டு பெனால்டியைத் தடுத்தான். நாங்கள் ஜெயித்துவிட்டோம். சற்று முன் ஏசிய ஆட்களே மைதானத்துக்குள் ஓடிவந்து பையன்களைத் தூக்கிக்கொண்டார்கள்.

செயலாளர் மட்டும் பெஞ்சில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நான் கீழே இறங்கிப்போய் வாழ்த்துச் சொன்னேன்.

"என்னத்த வாழ்த்து?" என்றார். "செமி ஃபைனல் சனிக்கிழமையாம். மறுநாள் காலைல லீக். இந்தப் பசங்க இப்படிப் பண்ணிட்டாங்களே!"

ஜெயித்ததற்காகத் தன் அணியையே திட்டிய செயலாளரை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த இரண்டு நாட்கள் பேச்சுவார்த்தையிலேயே போயின. ஆட்டத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று செயலாளர் கேட்டார். கமிட்டி முடியாது என்றது. ஆடாமலே எதிரணிக்கு வாக்ஓவர் கொடுத்துவிடலாமா என்று யோசித்தார். நண்பன் "ஏழு பேர் இருந்தா மேட்ச் ஆரம்பிக்கலாம், நான் ஏழு பேரோட எறங்குறேன்" என்று நின்றான். அதன்பின் செயலாளர் செய்ததுதான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியாதது. புதன்கிழமை கண்டுபிடித்த அந்த கோல்கீப்பர் பையனையும் இடது விங் பையனையும்கூட ஞாயிற்றுக்கிழமைக்காக எடுத்துவைத்துவிட்டார். "நல்லா ஆடுறானுங்க. லீக்குக்கு வேணும்" என்றார். நன்றாக ஆடினால் கப் ஆட முடியாது என்ற நிலைமை வந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். அவளும் கூட வந்தாள். இந்த முறை ஆசிரியைகள் இல்லை.

முதல் பாதி முடிவதற்குள்ளேயே எதிரணி போட்ட கோல்களை எண்ணுவதைக் கூட்டம் விட்டுவிட்டது. பின்வரிசையில் ஆளில்லாததால் நண்பன் ஃபார்வர்டு இடத்தை விட்டு ஸ்டாப்பராக நின்றான். நான் ஆட வேண்டிய இடம் அது. மூச்சு வாங்கிக்கொண்டு, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, அந்தப் பையன்களைத் திட்டாமல் "பரவால்லடா, வாடா, வாடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. இடைவேளையில் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கோட்டோரத்துக்குப் போனேன்.

"சார், செகண்ட் ஹாஃப் நான் எறங்குறேன். நாளைக்கும் ஆடுறேன். கால் போனா போகட்டும்."

செயலாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவரக் கேளு" என்று மேஜையில் இருந்த ஆட்ட அதிகாரியைக் காட்டினார்.

அதிகாரி அச்சடித்த தாளில் விரலை ஓட்டினார். "உங்க பேரு இதுல இல்லியே. எக்ஸ்ட்ராலயும் இல்ல. பேரு குடுக்காதவங்கள எறக்க முடியாதுங்க."

செயலாளர் வேண்டுமென்றேதான் பெயர் கொடுக்காமல் விட்டிருக்கிறார். நான் வந்து கேட்பேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பூட்ஸோடு மறுபடி கேலரிப் படிகளில் ஏறினேன். சிமென்ட்டில் பூட்ஸின் அடிக்குமிழ்கள் உரசும் சத்தத்துக்கு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது நண்பன் ஐஸ் கட்டியைக் கணுக்காலில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். என் காலைப் பார்த்தான்.

"பூட்ஸெல்லாம் போட்டு வந்திருக்கியா மாப்ள?"

"விடலடா."

"விடமாட்டாரு. அவருக்கு நாளைக்கு நீ வேணும்." ஐஸ் கட்டியைக் கணுக்காலின் மறுபக்கம் நகர்த்தினான். "எனக்குத்தான் நாளைக்குன்னு ஒண்ணு இல்ல. செவ்வாய்க்கிழமை ஃப்ளைட்."

மறுநாள் காலை லீக் ஆட்டம். வாக்கிங்காரர்கள் வழக்கம்போல நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் ஓய்வெடுத்த கால்கள் ஓடும் என்று செயலாளர் நம்பியிருந்தார். ஓய்வெடுத்த கால்கள் துருப்பிடித்துத்தான் கிடந்தன. அந்த கோல்கீப்பர் பையன் மட்டும் இல்லையென்றால் முதல் கால் மணி நேரத்திலேயே எங்கள் கதை முடிந்திருக்கும். எப்படியோ கோல் இல்லாமல் இழுத்துப் பிடித்தோம். கடைசி நிமிடத்தில் கோட்டின்மேலிருந்து ஒரு பந்தை நான் தலையால் வெளியே தள்ளினேன். கிடைத்த ஒரு புள்ளி போதுமானதாக இருந்தது. செயலாளர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆனால் அவர் அழுததைப் பார்த்தபின் கோபத்தையும் முழுசாகப் பிடித்துவைக்க முடியவில்லை. அதுவும் ஒரு எரிச்சல்.

நண்பனை வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போனேன். லேசாக நொண்டிக்கொண்டே உள்ளே போனான்.

அவன் போன சில வாரங்களில் மாவட்டச் சங்கத்தின் கூட்டம் நடந்தது. அடுத்த ஆண்டு முதல் டிவிஷனில் கூடுதலாக அணிகளைச் சேர்க்கப் போவதால், இந்த ஆண்டு எந்த அணியும் கீழே இறங்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தார்கள். எங்களுக்குக் கீழே இருந்த அணியும் அப்படியே முதல் டிவிஷனில் தங்கிவிட்டது. அவர்கள் கப்பில் முழு அணியோடு ஆடி, முதல் சுற்றிலேயே தோற்று, நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள். செயலாளரிடம் கேட்டேன்.

"இது முன்னாடியே தெரியாதா சார்?"

"பேச்சு அடிபட்டுச்சுதான். அத நம்பி எப்படித் தம்பி சும்மா இருக்க முடியும்?"

இந்த வருடக் கோடையில் கப் போட்டிக்கு எங்கள் கிளப்புக்கு அழைப்பே வரவில்லை. முழு அணியை அனுப்பாத கிளப்புகளைக் கூப்பிடுவதில்லை என்று கமிட்டி முடிவெடுத்துவிட்டதாம். நான் ஆத்திரத்தோடு செயலாளரைத் தேடிப்போனேன். மைதான ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பயிற்சி பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"நல்லதாப் போச்சு தம்பி" என்றார். "லீக்ல முழுசா கவனம் வெக்கலாம்."

நான் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஓடப் போய்விட்டேன்.