கடைசித் தட்டு வரும்வரை

இதை எழுதத் துணிந்ததற்கு முதலில் உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைச் சொல்லச் சொன்னாலே குரல் உள்ளே போய்விடும். எங்கள் காரைக்கால் பக்கத்தில் ஒருவர் போனால் பதினாறாம் நாள் படத்துக்கு மாலை போடுவோம், அதோடு சரி. புத்தகம் அச்சடிக்கும் வழக்கம் இல்லை. ஆனால் மொன்றியலில் எங்களுக்கு உறவு மாதிரி இருப்பவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள்தான். அப்பா கடைசியாக இருந்த முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்யும் சுகந்தி, "முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அடிக்காமல் விடுறதோ அக்கா? ஐயாவைப் பற்றி நீங்கள் எழுதாட்டி வேற ஆர் எழுதுறது?" என்று கேட்டாள். சென்னையில் இருக்கும் தம்பியிடம் சொன்னேன். அவன் கல்லூரியில் படித்தவன். "நீதானே கூட இருந்தே, நீயே எழுதுக்கா" என்று போனை வைத்துவிட்டான். அதனால்தான் எழுதுகிறேன்.

போனவர்களைப் பற்றி நல்லதாக எழுத வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அப்பாவோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அவரைப் பற்றிச் சலித்துக்கொள்ளாமல் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

அப்பா திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் பிறந்தார். தாத்தா பிரெஞ்சு அரசாங்கத்தில் குமாஸ்தா. இந்தியா விடுதலை அடைந்து சில ஆண்டுகள் ஆன பிறகும் எங்கள் ஊரை மட்டும் பிரெஞ்சுக்காரர்கள் விடாமல் ஆண்டுகொண்டிருந்தார்கள். இலங்கை நண்பர்கள் பலருக்கு இது தெரியாது என்பதால் சொல்கிறேன். தாத்தா தன் பிள்ளையும் அதே அலுவலகத்தில் உட்கார வேண்டும் என்று பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அப்பா அங்கே முதல் மாணவராகத் தேறிவிட்டு, பத்தொன்பது வயதில், விடுதலை கேட்கும் துண்டறிக்கைகளைச் சைக்கிள் இருக்கைக்கு அடியில் கட்டிக்கொண்டு இந்திய எல்லையிலிருந்து வந்தபோது சுங்கச் சாவடியில் பிடிபட்டார். சிறையில் போட்டார்கள். தாத்தாவின் வேலையும் போனது. அதற்காகத் தாத்தா சாகும்வரை அப்பாவிடம் நேரே பேசவில்லை. பாட்டி வழியாகத்தான் பேசுவார்.

சிறையைப் பற்றிக் கேட்டால் அப்பா கொடியைப் பற்றிச் சொல்ல மாட்டார். அடி வாங்கியதைச் சொல்ல மாட்டார். முதுகில் தழும்பு இருந்தது, அதையும் சொல்ல மாட்டார். சோற்றைப் பற்றி மட்டும்தான் சொல்வார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்களுக்கு அது பெரிய ஏமாற்றம். மற்ற பிள்ளைகளின் தாத்தாக்கள் சுட்டார்கள், ஓடினார்கள். எங்கள் அப்பா சோறு வரும்வரை காத்திருந்தார்.

அவர் சொன்னது இதுதான். ஒரே கூடத்தில் முப்பது பேருக்கு மேல். எல்லோரும் அரசியல் கைதிகள், ஆனால் ஒருவருக்கொருவர் ஆகாது. கட்சி வேறு, ஊர் வேறு, சாதி வேறு. வார்டர்கள் சோற்றுப் பானையை வேண்டுமென்றே குறைத்துக் கொண்டுவருவார்கள். வரிசையில் முன்னால் இருப்பவனுக்கு வயிறு நிறையும், பின்னால் இருப்பவனுக்குப் பானை காலி. பின்னால் இருப்பவன் முன்னால் இருப்பவனைத் திட்டுவான். வார்டர் நின்று சிரிப்பான். கழிவறை சுத்தம் செய்ய வைத்திருந்த இரண்டு கைதிகளை வாசலுக்கு வெளியே தனியாக உட்கார வைத்து, மிச்சம் இருந்தால் போடுவார்கள்.

கூடத்தில் ஒரு நெசவாளி இருந்தார். அவரும் அப்பாவும் சேர்ந்து ஒரு விதி கொண்டுவந்தார்கள். கடைசி ஆளுக்குத் தட்டு வரும்வரை முதல் ஆள் கை வைக்கக் கூடாது. குறைந்தால் எல்லோரும் ஒரு பிடி திரும்பப் போட வேண்டும். கடைசி ஆள் என்றால் வாசலுக்கு வெளியே இருக்கும் அந்த இரண்டு பேர். "அவங்களையும் நம்மளோட எண்ணுறதா?" என்று கூடத்திலேயே சிலர் முறைத்துக்கொண்டார்களாம். மூன்று நாள் சண்டை. நாலாம் நாள் முதல் முப்பது பேரும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கையை மடியில் வைத்திருந்தார்கள். அப்பாதான் குரல் கொடுப்பார்: "கடைசி ஆளுக்கு வந்தாச்சா?" வாசலுக்கு வெளியிலிருந்து "வந்தாச்சு" என்று பதில் வந்த பிறகுதான் சாப்பாடு.

சேர்ந்து காத்திருக்கப் பழகியவர்கள் பிறகு சேர்ந்து மற்றதையும் செய்தார்கள். பெரிய அதிகாரி வந்தால் ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. பிரெஞ்சில் கூப்பிட்டால் ஒருவரும் பதில் சொல்லவில்லை. வார்டர்கள் தங்களுக்குள் பிரெஞ்சில் பேசிக்கொள்வதை அப்பா காதில் வாங்கி மற்றவர்களுக்குச் சொன்னார். யாரை எப்போது அடிக்கப் போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்தது. சோறு கொண்டுவரும் ஆள் வழியாக இந்தச் செய்தி ஊருக்குள் போனது.

கண்டுபிடித்ததும் அப்பாவைத் தனி அறையில் அடைத்தார்கள். அங்கே அவருக்குச் சோறு முதலிலேயே வந்துவிடும், நிறையவும் வரும். அவர் தொடவில்லை. கடைசி ஆளுக்கு வந்ததா என்று தெரியாதே. மூன்றாம் நாள் கூடத்திலிருந்து யாரோ தட்டால் சுவரில் மூன்று முறை அடித்தார்கள். அப்போதுதான் சாப்பிட்டார். அதற்குப் பிறகு விடுதலையாகும்வரை தினமும் அந்தச் சத்தம் வந்ததாம்.

கதை இவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள். விதி மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை.

அப்பா கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்தராக இருந்தார், தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டார். வீட்டில் அம்மா அடுப்படியிலிருந்து வந்து உட்காரும்வரை யாரும் இலையில் கை வைக்கக் கூடாது. "ஒரு தோசையைச் சூடா போட விடுறாரா இந்த மனுசன்?" என்று அம்மா நாற்பது வருடம் புலம்பினார். நாங்கள் வளர்ந்தது எல்லாம் ஆறிப்போன தோசையில்தான். என் கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்குச் சாம்பார் வரும்வரை ஒரு வரிசை முழுவதையும் அப்பா நிறுத்தி வைத்தார். அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று முணுமுணுத்தார்கள். என் மாமியார் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

ஊர் கைமாறியபோது விரும்பியவர்களுக்குக் கிடைத்த பிரெஞ்சுக் குடியுரிமைக்குப் பெரியப்பா கையெழுத்துப் போட்டுப் பாரிசுக்குப் போனார். அப்பாவையும் கெஞ்சினார். அப்பா போடவில்லை. அப்படிப்பட்டவரை, அம்மா போன பிறகு, நான் மொன்றியலுக்குக் கூட்டிவந்தேன். என் வீட்டுக்காரருக்கு சென்ட் லோரன்ட்டில் தொழிற்சாலை வேலை. எனக்கு அங்கேயே மருந்துப் பெட்டி அடுக்கும் வேலை. விமான நிலையத்தில் பிரெஞ்சில் எழுதியிருந்த பலகையை அப்பா படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்க கொண்டாந்து வுட்டுருக்க பாப்பா? இவன்ககிட்டயேவா?"

"இவங்க வேறப்பா. இது கனடா."

"எழுத்து அதேதானே."

நான் நாற்பது வயதுக்கு மேல் பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன். "நாங்க வெரட்டி வுட்டோம், நீ கிளாசுக்குப் போயி படிக்கிற" என்றார். தேர்வில் இரண்டு முறை தோற்றேன். எல்லா விடையும் தெரிந்த மனிதர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். என் வீட்டுப்பாடத்தில் தவறு இருந்தால் விரலை மட்டும் அந்த இடத்தில் வைப்பார். வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. பேத்தி பிரெஞ்சில் கேட்டால் தமிழில்தான் பதில்.

ஒரு வருடத்துக்கு முன் பனியில் வழுக்கி இடுப்பு எலும்பு உடைந்தது. வேறு வழியில்லாமல் மொன்றியல்-நோர் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். அதற்காக உங்களில் சிலர் என்னைப் பேசினீர்கள். நானும் பகல் முழுக்க வேலைக்குப் போகிறவள்தான். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அங்கே சாப்பாட்டு மேசையில் நாலு பேர். அப்பா, டாக்சி ஓட்டிய ஒரு ஹெய்ட்டிக்காரர், ஓர் இத்தாலிய அம்மா, பிறகு இந்த ஊர்க்காரரான ழெர்மேன் அம்மா. ழெர்மேன் அம்மாவுக்கு விழுங்கச் சிரமம், உணவைக் கூழாக்கித்தான் தருவார்கள். கூழ்த் தட்டுகள் எல்லாம் தனி வண்டியில் கடைசியாக வரும். மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு அவர் தனியாக உட்கார்ந்து விழுங்குவார்.

சேர்ந்த இரண்டாவது வாரமே சுகந்தி போன் செய்தாள். "அக்கா, உங்கட அப்பா சாப்பிடுறாரில்லை. அது பரவாயில்லை. மற்றவையையும் சாப்பிட விடுறாரில்லை."

"சத்தம் போடுறாரா?"

"இல்லையக்கா. கையை மட்டும் இப்பிடி உயர்த்துறார். அதுகளும் கரண்டியை வைச்சிட்டுப் பேசாமல் இருக்குதுகள். ஹெய்ட்டிக்காரர் வேற ஐயாவைப் பார்த்து செஃப் எண்டு கூப்பிடுறார், பிரெஞ்சில தலைவர் எண்டு அர்த்தம்."

எனக்கு எரிச்சலில் அழுகை வந்தது. இத்தாலிய அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ஒரு நாள் அவருக்கு மயக்கம் வந்துவிட்டது. பொறுப்பாளர் பெண்மணி என்னை அழைத்து வேகமாகப் பேசினார். பாதி புரிந்தது. மீதிக்கும் "வீ, வீ" என்று தலையாட்டினேன். புரியவில்லை என்று சொல்லக் கூச்சம். ஒரு தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். அப்பாவுக்குச் சாப்பிட உதவி செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை போனேன். அப்பா தன் அறையில் தனியாக இருந்தார். முன்னால் தட்டு, மூடி கூடத் திறக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. இரண்டு நாளாகப் பாலும் தண்ணீரும்தான் இறங்குகிறது, இப்படியே போனால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் குழாய் போட வேண்டிவரும் என்று சுகந்தி சொன்னாள்.

"சாப்பிடுங்கப்பா."

அவர் தலையணைக்கு அடியிலிருந்து அந்தத் தாளின் நகலை எடுத்தார். படித்தார். என் வாழ்க்கையில் முதல் முறையாக அப்பா பிரெஞ்சு பேசிக் கேட்டேன். என் வகுப்பு ஆசிரியை பேசுவதைவிட அழகாக இருந்தது. படித்து முடித்துத் தமிழில் சொன்னார்: "சாப்பாட்டுக் கூடத்திலேருந்து வெலக்கி, தனி அறையில வச்சி சாப்பாடு குடுக்க மகள் சம்மதிக்கிறாங்க. கீழ உன் கையெழுத்து."

"எனக்குத் தெரியாதுப்பா. சாப்பிடுங்க."

"சத்தம் வரல பாப்பா."

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. தொண்ணூறு வயதை நெருங்குகிற மனிதர், இடுப்பு உடைந்து கிடப்பவர், இத்தனை வருடம் கழித்து, கூடத்திலிருந்து சத்தம் வர வேண்டும் என்கிறார். நான் எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். முப்பது பேர் இருந்தார்கள். இரண்டு தாதிகள், வந்திருந்த உறவினர்கள். ழெர்மேன் அம்மாவுக்குக் கூழ் வரும்வரை சுவரோரம் நின்றேன். வந்தது. ஒரு காலித் தட்டை எடுத்து அப்பாவின் அறைப்பக்கச் சுவரில் மூன்று முறை அடித்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. திரும்பிப் போனபோது அப்பா கரண்டியைக் கையில் எடுத்திருந்தார்.

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பொறுப்பாளரிடம் போனேன். பேச வேண்டியதை முந்தின நாள் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன், கூழ்த் தட்டை மற்றத் தட்டுகளோடு ஒரே வண்டியில் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அவர் சமையலறைக்குப் போன் செய்தார். அவ்வளவுதான். அந்த வாரமே மாற்றிவிட்டார்கள். அவர் நல்ல பெண்மணி, யாரும் அதுவரை கேட்கவில்லை, அதுதான் விஷயம்.

"இதை நீங்களே முதல்லயே பிரெஞ்சுல கேட்டிருக்கலாமேப்பா?" என்றேன்.

"நான் கேட்டா, இந்தக் கெழவனுக்கு என்ன வேணும்னு எனக்கு மட்டும் பார்த்துக் குடுப்பாங்க. நாலு பேரும் கைய மடியில வச்சிக்கிட்டு இருந்தாதான் வண்டிய மாத்தணும்னு தோணும்."

"அந்த இத்தாலிய அம்மா மயங்கி விழுந்தாங்களே?"

மறுநாளிலிருந்து அந்த அம்மாவுக்கு மட்டும் முன்கூட்டியே பிஸ்கட் கொடுக்கச் சொல்லிச் சுகந்தியிடம் ஏற்பாடு செய்தார் என்று பிறகு தெரிந்தது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நாலு தட்டும் ஒன்றாக வந்தன. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

சுகந்திக்கு நன்றி, அவள் இல்லாவிட்டால் நான் அப்பாவைப் பட்டினியில் இழந்திருப்பேன். சவச்சாலையில் தேவாரம் பாடிய யாழ்ப்பாண நண்பர்களுக்கும், வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்து கொடுத்த மாடி வீட்டுக் குடும்பத்துக்கும், ஒரே நாளில் விடுப்புத் தந்த என் மேற்பார்வையாளருக்கும், பாரிசிலிருந்து வந்த பெரியப்பா பிள்ளைகளுக்கும் நன்றி. அப்பாவால் பந்தியில் காக்க வைக்கப்பட்டவர்கள் இதைப் படித்தால், எங்கள் குடும்பத்தின் சார்பில் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா போனதற்கு மறுநாள், புதன்கிழமை, அறையைக் காலி செய்ய இல்லத்துக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். அந்த மேசைக்கு மூன்று தட்டுகள் வந்திருந்தன. மூன்று பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். தாதி சொல்லியும் கரண்டியைத் தொடவில்லை. சுகந்தி சமையலறையில் கேட்டு இன்னொரு தட்டு வாங்கிவந்து அப்பாவின் இடத்தில் வைத்தாள். உடலை எடுக்கும்வரை வீட்டார் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம், காலையிலிருந்து நான் தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தேன். கோட்டைக் கழற்றாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவித்த உருளைக்கிழங்கும் மீனும். உப்பு போதவில்லை. நாலு பேரும் சாப்பிட்டோம்.