வேலியோர நாலு வரிசை

எல்லோருக்கும் அவள் ‘கரிக்கைக்காரி’. எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் நகக்கண்ணில் கரி போகாது. பயறு வேரில் வாழும் நுண்ணுயிரைக் குடுவையில் வளர்த்து, கரித்தூளில் பிசைந்து, பொட்டலம் கட்டி விற்பவள். வாடகைக்கு எடுத்த ஒற்றை அறைதான் அவள் தொழிற்சாலை. விதையைச் சர்க்கரைப் பாகில் புரட்டி, அந்தக் கரிமாவைப் பூசி விதைத்தால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் விழும். முடிச்சுக்குள் குடியேறிய உயிர்கள் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டும். யூரியா தேவையே இல்லை.

“கிருமியோடயே குடித்தனம் நடத்து!” என்று சொல்லிவிட்டுத்தான் கணவன் படியிறங்கிப் போனான். அவள் அழுதாள். வேற்றுக் கிருமி சாவதற்காகக் கரித்தூள் வெந்துகொண்டிருந்த குக்கர் அதே நேரம் விசிலடித்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அதை இறக்கி வைத்தாள். அழுகை பிறகும் வரும், கரித்தூள் கெட்டால் கெட்டதுதான்!

அன்றிலிருந்து அண்ணனுக்கு ஒரே பாட்டு. “அறையைக் காலி பண்ணிட்டு நம்ம வீட்டுக்கு வந்துடும்மா. ஒரு மூலையில இருந்துக்கலாம்.”

பாசத்தில்தான் சொன்னான். ஆனால் அந்த ‘ஒரு மூலை’ அவளை நெருப்பாகச் சுட்டது.

பொட்டலம் வாங்க யாரும் வராமல் போன நேரத்தில், விவசாயிகள் சங்கச் செயலாளர் ஒரு சோதனை வைத்தார். அண்ணனுடைய வயலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டு நிலம். இரண்டிலும் காராமணி. ஒன்றில் அவளுடைய கரிமா பூசிய விதை, மற்றதில் வெறும் விதை. யூரியா கூடாது, தண்ணீர் பாய்ச்சக் கூடாது, மழை பெய்தால் சரி. விதைத்த பிறகு அவள் அந்தப் பக்கமே போகக் கூடாது. அவள் பயிர் ஜெயித்தால் சங்கமே பொட்டலம் வாங்கும். தோற்றால் அறைக்குப் பூட்டு, அவளுக்கு அந்த மூலை.

மழை பொய்த்தது. ஆனாலும் அறுவடைக்கு முன் பார்வையிட வந்த செயலாளர் வாயைப் பிளந்தார். “அடேங்கப்பா! பயிரா இது, பச்சைக் கம்பளமா? ஜெயிச்சுட்டீங்கம்மா!”

ஒரு கணம் அவள் நெஞ்சு பூரித்தது. மறுகணமே துணுக்குற்றது. உச்சி வெயிலில் தாகத்தோடு நிற்கிற காராமணி இலையை ஒருக்களித்துக்கொள்ளும். இதுவோ குடை விரித்த மாதிரி நிற்கிறதே!

ஒரு செடியைத் தோண்டி எடுத்தாள். வேரில் இருந்ததே இரண்டொரு முடிச்சு. நகத்தால் கீறிப் பார்த்தாள். வேலை செய்யும் முடிச்சு உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கும். இது பாசி நிறத்தில் செத்துக் கிடந்தது.

திரும்பினாள். பின்னாலேயே வந்திருந்த அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

“வாடிக் கிடந்துச்சும்மா, பார்க்கச் சகிக்கலை. யூரியாவைக் கரைச்சுப் பூவாளியில காலையில காலையில ஊத்தினேன்.”

“அது வாடலைண்ணே! வெயிலுக்கு இலையைத் திருப்பி உசிரைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நீ ஊட்டி விட்டே, வேரு கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்துடுச்சு.”

“மெதுவா பேசு. அவருக்குத் தெரியாது. ஜெயிச்சதாவே இருக்கட்டுமே!”

ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டால் போதும். அறை பிழைக்கும். அவளும் பிழைப்பாள். அவள் நிமிர்ந்தாள்.

“ஐயா, இது என் பயிர் இல்லை. எங்கண்ணன் யூரியா ஊத்தி வளர்த்தது.”

“வாயில விழுந்த பழத்தைத் துப்புறீங்களேம்மா! அப்போ நீங்க தோத்ததாத்தான் அர்த்தம்.”

“இல்லை. அண்ணே, எல்லா வரிசைக்கும் ஊத்தினியா?”

“வேலியோரம் நாலு வரிசைக்கு மட்டும் ஊத்தலை. முள்ளு கிழிச்சுது, விட்டுட்டேன்.”

அவள் ஓடினாள். அங்கே செடிகள் கட்டை குட்டையாக, இலையை ஒருக்களித்து, முறைத்துக்கொண்டு நின்றன. ஒன்றைத் தோண்டினாள். கொத்துக் கொத்தாக முடிச்சுகள். கீறினாள். சிவப்பு! அவள் கண்கள் குளமாயின.

“இதையும் பக்கத்து நிலத்தையும் வச்சுத் தீர்ப்புச் சொல்லுங்கய்யா. தோத்தா நானே கதவைச் சாத்துறேன்.”

“ரொம்பக் குட்டையா இருக்கேம்மா.”

“நானும்தான் குட்டை. யாருக்குக் குறைஞ்சு போனேன்?”

செயலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து நிலத்தில் இலை மஞ்சளித்துக் கிடந்த செடிகளில் கைநிறையக் காய் பறித்தார். வேலியோரமும் பறித்தார். உரித்துப் பார்த்தார். ஒரு கையில் சுருங்கிய பொக்கு, மறு கையில் திரண்ட மணிகள்.

“நாலு வரிசையை நம்பி எல்லாருக்கும் வாங்க முடியாதும்மா. அடுத்த விதைப்புக்குப் பாதிப் பேருக்கு வாங்கறேன்.”

“பாதி போதுங்கய்யா. மீதிப் பேர் தானா வருவாங்க.”

அவர் போன பிறகு அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டான். “கோவமாம்மா? வீட்டுக்கு வாயேன்.”

“வரேண்ணே. அண்ணி கையால சாப்பிட வரேன். மூலையில உட்கார வரமாட்டேன்.”

சொல்லிவிட்டு, வேலியோரம் கிடந்த அவனுடைய பூவாளியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“அதை எங்கே எடுத்துட்டுப் போறே?”

“இனிமே இது உன்கிட்ட இருக்கக் கூடாது. எனக்குக் குடுவை கழுவ ஆகும்.”